பெட்ரோலில் கரையாதது

இரண்டு சொட்டு பெட்ரோலை இடது உள்ளங்கையில் விட்டு, வலது கட்டைவிரலால் தேய்த்து, கண்களை மூடிக்கொண்டு மூக்கருகே கொண்டுபோகிறாள் எஸ்தர். எதிரே, மருந்தடிக்கும் ஸ்பிரேயரை இறக்கி வைத்த கரும்பு விவசாயி ஜாதகம் பார்க்க வந்தவர்போல அடக்கமாக நிற்கிறார்.

"வாங்கி ரெண்டு மாசம் ஆவுது. ஆயில் ஒரு மூடி ஜாஸ்தி. கேனை மூடாம மாட்டுக் கொட்டாயில வச்சிருந்திருக்கீங்க."

மூன்றும் சரி. "மாட்டுக் கொட்டாய்னு எப்பிடிம்மா கண்டுபுடிச்ச?" என்கிறார் அவர், பாதி பயத்தோடு.

"நீங்களே மோந்து பாருங்க."

கள்ளக்குறிச்சியில் அவளுடைய மெக்கானிக் கடை இருக்கும் கச்சிராயப்பாளையம் சாலையில் இதைப் பற்றி நிறையக் கதைகள் உலவுகின்றன. எந்த பங்க், எந்தக் கிழமை, போட்டுக்கொடுத்தவர் வீட்டில் அன்று என்ன குழம்பு என்பதுவரை மோந்தே சொல்லிவிடுவாள் என்கிறார் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர். குழம்பை மட்டும் தள்ளிவிட்டு மீதியை நம்பலாம்.

எஸ்தருக்கு நாற்பத்தேழு வயது. சேலைக்குமேல் ஒரு காக்கிச் சட்டை போட்டிருப்பாள். சட்டை அவள் கணவர் மார்ட்டினுடையது. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் அவருக்கு வேலை. நாளெல்லாம் பனைமர உயர இயந்திரங்களுக்கு நடுவே நடமாடுகிற மனிதர், வீட்டில் மின்விசிறி நின்றுவிட்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். "ஒரு வூட்டுக்கு ஒரு மெக்கானிக் போதுங்க. ரெண்டு பேர் இருந்தா ஸ்பேனர எடுத்தது யாருன்னு தெனமும் பஞ்சாயத்து," என்பார்.

கடையில் டூ ஸ்ட்ரோக் மட்டும்தான் பார்க்கப்படும். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து குடிக்கிற சின்ன மோட்டார்கள். ஸ்பிரேயர், களை வெட்டும் மெஷின், மரமறுக்கும் ரம்பம். வேறு வகை மோட்டாரை யாராவது கொண்டுவந்தால், "அதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போங்க. இங்க கொழந்தைங்க டாக்டரு," என்று திருப்பி அனுப்பிவிடுவாள். இவள் வேலை கற்ற கதையே தனி. பிளஸ் டூ முடித்த கையோடு ஒரு விவசாயக் கருவிக் கடையில் பில் போடச் சேர்ந்தாள். அங்கிருந்த மெக்கானிக் செய்வதெல்லாம் தப்பு என்று மேசையில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவர் ஸ்பேனரை பில் புத்தகத்தின்மேல் வைத்து, "அப்போ நீயே பண்ணு தாயே," என்று டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வருவதற்குள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததாம். அவர் குடித்தது ஒரு டீயா நாலு டீயா என்பதில் மட்டும் ஊரில் இரண்டு கட்சி உண்டு.

பழுது பார்த்துக் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று எஸ்தர் நினைப்பதில்லை. தப்பு யாருடையது என்று சொன்னால்தான் அவளுக்குத் திருப்தி. ஸ்பிரேயரைக் கையில் கொடுத்துக்கொண்டே தீர்ப்பும் சொல்வாள். மோட்டார்மேல் தப்பில்லை, தலைகீழாகத் தூக்கிப்போன மருமகன்மேல். பிளக்மேல் தப்பில்லை, அதைத் தீக்குச்சியால் சுரண்டிய மாமனார்மேல். இப்படி இருபது வருடத் தீர்ப்புகளில் ஒன்றிலாவது குற்றவாளிக் கூண்டில் எஸ்தர் ஏறியது கிடையாது. ஒருமுறை அவளே மாட்டிய பிஸ்டன் ரிங் தலைகீழாக இருந்தது. உரிமையாளர் அதைக் கையில் எடுத்துக் காட்டினார். எஸ்தர் ரிங்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நீங்க பள்ளத்துல வுட்டுருப்பீங்க, திரும்பிக்கிச்சு," என்றாள். ரிங் தானாகத் திரும்பாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் வீட்டுக்குப் போகிற வழியிலிருந்த பள்ளங்களை எண்ணிக்கொண்டேதான் போனார்.

மோட்டாரின் சத்தத்தில் அவளுக்குப் பிடித்தது ஐடிலிங்தான். ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டால் மோட்டார் ஒரு வேலையும் செய்யாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்குமே, அந்த நிலை. "ஓடச்சொல்லோ எல்லா மோட்டாரும் நல்ல மோட்டார்தான். சும்மா நிக்கச்சொல்லோதான் அதோட கொணம் தெரியும்," என்பாள். டீ கிளாஸை மோட்டார் மூடிமேல் வைத்துவிட்டு, டீயின் மேலே எழும் வளையங்களைப் பார்ப்பாள். வளையம் சீராக வந்தால் டீயைக் குடிப்பாள். வராவிட்டால் டீ ஆறிப்போகும்.

கடந்த மார்கழியில் அவள் நிறைய ஆறின டீ குடித்தாள். காரணம் ஒரு படகு மோட்டார்.

கரியாலூருக்கு அப்பால் மலைமேல் ஒரு சிறிய ஏரி. அதைக் குத்தகைக்கு எடுத்த ஒருவர் மிதிபடகுகளும் ஒரு மோட்டார் படகும் விட்டிருக்கிறார். மோட்டார் படகை ஓட்டுபவன் ஆதிமூலம். மலையிலேயே பிறந்தவன், நாற்பது வயதுக்குள் இருப்பான், அதிர்ந்து பேசமாட்டான். அவன் மனைவி பெரியநாயகி படகுத்துறையை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகையில் டீயும் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் மலைத்தேனும் விற்கிறாள். எட்டுக் குதிரைச் சக்தி மோட்டாரைக் கள்ளக்குறிச்சிக்கு எடுத்து வரும்போதெல்லாம் அதைப் பழைய சேலையில் சுற்றி, பஸ்ஸின் கடைசி சீட்டில் சாய்த்து, தோளில் கை போட்டபடி ஆதிமூலம் உட்கார்ந்து வருவான். யாரோ சுகமில்லாத பெண்பிள்ளை என்று நினைத்து கண்டக்டர் ஒருமுறை மெதுவான குரலில் டிக்கெட் கேட்டாராம்.

"முழு வேகத்துல நல்லாத்தான் போவுதுக்கா. கொறச்சா மிஸ் அடிக்குது. துறைகிட்ட வந்தா நின்னுடுது," என்றான் முதல் தடவை.

எஸ்தர் கார்பரேட்டரைக் கழற்றினாள். வடிகட்டியில் மஞ்சளாகப் பிசின் ஒட்டியிருந்தது. நாள்பட்ட பெட்ரோல் அப்படித்தான் பிசினாகும். "படக ஓட்டாம போட்டு வச்சா இப்பிடித்தான். குத்தகைக்காரர் மேலதான் தப்பு," என்று தீர்ப்புச் சொன்னாள். பெட்ரோலில் அலசினாள், காற்றடித்துத் துளைகளை ஊதினாள், கொல்லையிலிருந்த நீல டிரம்மின் தண்ணீரில் மோட்டாரை இறக்கி, தன் கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றி ஓட்டினாள். டீயில் வளையங்கள் அச்சடித்ததுபோல எழுந்தன.

ஐந்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசையில் எல்லோரும் மண்டியிட்டு அமைதியாக இருந்த நேரத்தில், எஸ்தரின் கைப்பையிலிருந்து "டுக்... டுடுக்... டுக்... ஃபுஸ்" என்று ஒரு சத்தம் கோயில் முழுவதும் கேட்டது. ஆதிமூலம் வாட்ஸ்அப்பில் மோட்டாரின் குரலை அனுப்பியிருந்தான். செய்தி வந்த போனை அணைக்கப் போய் விரல் தவறி ஓடவிட்டுவிட்டாள். சாமியார் ஒரு நொடி நிறுத்தினார். எஸ்தர் தலை நிமிரவில்லை. ஆனால் காது அந்த "ஃபுஸ்"ஸிலேயே நின்றுவிட்டது. வாசலுக்கு வந்ததும் போன் போட்டாள். "மேல காத்து கம்மிப்பா. அதனால பெட்ரோல் ஜாஸ்தி ஆவுது. ஏர் ஸ்க்ரூவ கா சுத்து வெளிய திருப்பு." தப்பு மலையின்மேல். ஆதிமூலம் கால் சுற்றுத் திருப்பினான். ஒருநாள் ஓடியது.

அதற்கு அடுத்த நாள்தான் அது நடந்தது. மழைக்காலத்துத் தண்ணீரில் ஏரி நிரம்பி, மிகுநீர் வெளியேறும் கலிங்கு வழிந்துகொண்டிருந்தது. தியாகதுருகத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு துறைக்குத் திரும்பிய ஆதிமூலம் வேகத்தைக் குறைத்தான். மோட்டார் நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தான், பிடிக்கவில்லை. படகு தண்ணீர் போகிற போக்கில் கலிங்கை நோக்கித் திரும்பியது. துடுப்பை ஊன்றி, கரையோர நாணல் புதரில் படகைச் செருகி நிறுத்தினான். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு செருப்பு மட்டும் கலிங்கு தாண்டிப் போனது. ஆனால் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பிரவீன்குமாருக்கு முகம் வெளுத்துவிட்டது. குத்தகைக்காரர் புதிதாகப் போட்டிருக்கும் மேற்பார்வையாளன் அவன். இருபத்தாறு வயது.

மோட்டார் மறுபடி சேலை கட்டி வந்தது. எஸ்தர் பெட்ரோல் குழாயை மாற்றினாள், கேஸ்கெட்டை மாற்றினாள், இரண்டு பிளக்கையும் மாற்றினாள். டிரம்மில் சங்கீதமாக ஓடியது. மலைக்குப் போன நாலாம் நாள், திணறல்.

இந்தத் தடவை பிரவீன்குமாரே போனில் பேசினான். "காணும் பொங்கலுக்கு மூவாயிரம் பேர் வருவாங்க மேடம். அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாவணும். மெக்கானிக் தப்புனா கடலூர்ல இருந்து வேற மெக்கானிக் வரச் சொல்வேன். டிரைவர் தப்புனா வேற டிரைவர் போடுவேன். ரெண்டுல ஒண்ணு." அவன் மிரட்டிப் பேசவில்லை. அன்று படகில் இருந்த குழந்தைகளை அவனும் பார்த்திருந்தான்.

பிறகு போன் ஆதிமூலத்தின் கைக்கு வந்தது. "யக்கா, டிரம்முல ஓடுற மோட்டாரு ஏரில ஏன் ஓடலன்னு நீயே வந்து அத்த கேளு. நா கேட்டா சொல்ல மாட்டேங்குது."

நோயாளிதான் டாக்டரைத் தேடி வர வேண்டும் என்பது எஸ்தரின் கடைச் சட்டம். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, ரெக்சின் பையில் ஸ்பேனர்களைக் கட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் அவள் மலையேறினாள்.

துறையில் பனி இன்னும் விலகவில்லை. ஆதிமூலம் கயிற்றை இழுத்து மோட்டாரைக் கிளப்பினான். வேகத்தில் குறையே இல்லை. குறைத்ததும் டுக்... டுடுக்... ஃபுஸ். எஸ்தர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள், நல்ல பொறி. குழாயை அமுக்கிப் பார்த்தாள், காற்று நுழையவில்லை. மீதி இருப்பது கார்பரேட்டர்தான். சும்மா நிற்கும்போது மோட்டார் பெட்ரோல் குடிப்பது ஊசி நுழையாத ஒரு துளை வழியாக. வேகமெடுத்தால் பெரிய துளை திறந்துகொள்ளும். அதனால்தான் ஓடும்போது இந்த நோய் வெளியே தெரிவதில்லை. துறையின் சிமெண்ட் மேடையில் ஒரு செய்தித்தாளை விரித்து, கார்பரேட்டரைப் பிரித்து ஒவ்வொன்றாக வைத்தாள். வடிகட்டியில் அதே மஞ்சள் பிசின்.

"யக்கா, விரலு விறைச்சிக்கினு இருக்குது உனக்கு. வந்து டீ குடி," என்று பெரியநாயகி இழுத்துப் போனாள்.

கிழங்கும் டீயுமாகக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது செய்தித்தாளின்மேல் ஒரு கோடு. சிற்றெறும்புகள். மேடையின் வெடிப்பிலிருந்து புறப்பட்டு, திருமண விளம்பரங்களைக் கடந்து, நேராக வடிகட்டிக்கும் அந்தச் சின்னத் துளை உள்ள ஜெட்டுக்கும் போய்க்கொண்டிருந்தன. பெட்ரோல் காய்ந்துவிட்டிருந்தது. ஆயில் நாற்றத்தை அவை பொருட்படுத்தவில்லை.

எஸ்தர் எறும்புகளைத் தட்டவில்லை. உட்கார்ந்து பார்த்தாள். பிசின் தின்ன எறும்பு எதற்கு வருகிறது? விரல் நுனியில் கொஞ்சம் தொட்டு, மூக்கருகே கொண்டுபோனாள். மூக்கு பெட்ரோல் என்றது. இருபது வருடமாக மூக்கு சொன்னதை அவள் தட்டியதில்லை. அன்று நாக்கு நுனியில் வைத்தாள்.

"ஆதிமூலம்! இனிக்குதுப்பா!"

"இன்னாக்கா?"

"பெட்ரோல் எதுல வாங்கினு வர? அத்த எடுத்தா."

அவன் கொண்டுவந்தது ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன். எஸ்தர் அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். அடியில், மூலையோரம், ஒரு விரல் கனத்துக்கு மஞ்சளாக ஏதோ உறைந்து உட்கார்ந்திருந்தது.

"பழைய கேனு கார்த்திகைல வெடிச்சிப்பூட்ச்சு. இது பெரியநாயகியோட தேன் கேனு," என்றான். "போன வருசத்து தேனு. குளுருக்கு அடியில உறைஞ்சிப்பூட்ச்சு. சக்கரை போட்டிருக்கீங்கன்னு வர்றவங்க வாங்கல. அதான் கேன நா எடுத்துக்கினேன்."

"கழுவாமயா எடுத்த?"

"கழுவினேன்க்கா! பெட்ரோல் ஊத்தி மூணு வாட்டி அலசினேன்."

"பெட்ரோல்ல தேன் எங்கய்யா கரையும்? தண்ணில கழுவ வேண்டியதுதான?"

ஆதிமூலம் கேனை வாங்கிக் கீழே வைத்தான். பிறகு, குற்றம் சொல்கிற தொனி ஒரு துளியும் இல்லாமல், "நீதானக்கா சொன்ன, பெட்ரோல் கேன்ல ஒரு சொட்டு தண்ணி படக்கூடாது, மோட்டாருக்கு விஷம்னு," என்றான்.

சொன்னாள்தான். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறாள். ஒருவரும் கேட்டதில்லை, மழையில் கேனைத் திறந்து வைப்பார்கள், கிணற்று மேட்டில் கவிழ்த்து வைப்பார்கள். அவள் சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்டு நடந்தவன் இவன் ஒருவன்தான். இவனுடைய மோட்டார்தான் நின்றது. கடையில் அவள் காற்றடித்து ஊதியபோதெல்லாம் தேன் தெறித்துப் போயிருக்கிறது. அவளுடைய கேன் பெட்ரோலில் மோட்டார் சுகமாக ஓடியிருக்கிறது. மேலே வந்ததும் இந்தக் கேனின் அடியிலிருந்து பொடிப்பொடியாகப் பெயர்ந்து மறுபடி போயிருக்கிறது. கேனில் என்ன ஊற்றினாய் என்று கேட்டவள், அது என்ன கேன் என்று ஒருதடவையும் கேட்கவில்லை.

கொட்டகையிலிருந்து பெரியநாயகி சிரித்த சிரிப்பில் பனி விலகியிருக்க வேண்டும். "வர்ற சனமெல்லாம் கலப்படமா கலப்படமான்னு கேக்குது. எங்க தேன் சுத்தமானதுன்னு இப்ப மோட்டாரே நின்னு சாட்சி சொல்லிட்ச்சு!" என்றாள்.

"சிரிச்சிக்கினு நிக்காத. வெந்நி கொண்டா," என்றாள் எஸ்தர்.

"வெந்நியா? கார்பரேட்டர்லயாக்கா?" ஆதிமூலம் பதறிவிட்டான். "ஒரு சொட்டு கூட..."

"அப்ப சொன்னதும் நாந்தான். இப்ப சொல்றதும் நாந்தான். ஊத்துப்பா."

டீக்கு வெந்நீர் கொதிக்கிற பாத்திரத்தில் கார்பரேட்டர் குளித்தது. தண்ணீர் பொன்னிறமாக மாறியது. மூன்று தண்ணீர் மாற்றி, கிழங்கு வெந்த அடுப்பின் ஓரத்தில் உலர்த்தி, சைக்கிள் பம்பால் ஒவ்வொரு துளையையும் ஊதி, டேங்கைக் காலி செய்து கழுவிக் காயவைத்து, பெரியநாயகியின் புதுக் கேனில் வேறு பெட்ரோல் வாங்கி வரச்செய்து, எல்லாம் முடிய மதியம் இரண்டு மணி.

ஆதிமூலம் படகை ஏரியின் நடுவுக்குக் கொண்டுபோய், வேகத்தைக் குறைத்தான். மோட்டார் நின்றுவிடுமோ என்று பெரியநாயகி முந்தானையைப் பல்லில் கடித்தாள். மோட்டார் நிற்கவில்லை. டுக்டுக்டுக் என்று, தூங்குகிற குழந்தையின் மூச்சுபோல விட்டுக்கொண்டிருந்தது. அதே மெதுவோடு துறைக்கு வந்தான், மறுபடி போனான், மறுபடி வந்தான். எட்டாவது தடவை பிரவீன்குமாரே கையைக் காட்டி, போதும் என்றான்.

பிறகு ஒரு நீளமான பதிவேட்டைக் கொண்டுவந்து எஸ்தரின் முன்னால் விரித்தான். கோளாறு, காரணம், செய்த வேலை, மெக்கானிக் கையொப்பம் என்று நாலு கட்டங்கள்.

"காரணத்த மட்டும் கரெக்டா எழுதிடுங்க மேடம். இத போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பணும். கேனுதான் காரணம்னா டிரைவர் தப்புனு எழுதிடுங்க. எனக்கும் மனசு கஷ்டம்தான். ஆனா படகுல ஏறுறது சனங்க."

ஆதிமூலம் படகைக் கட்டுகிற கயிற்றில் இல்லாத சிக்கலை அவிழ்த்துக்கொண்டிருந்தான். பெரியநாயகி அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டாள்.

எஸ்தர் பேனாவை வாங்கினாள். எழுதுவதற்கு ஒன்றும் பஞ்சமில்லை. நாள்பட்ட பெட்ரோல் என்று எழுதலாம். மலைக்காற்று என்று எழுதலாம். தேன் கேன் என்று எழுதினால் பொய்கூட இல்லை. இவன் வேலை போகும், அவ்வளவுதான். கள்ளக்குறிச்சியில் அவள் பெயர் அப்படியே நிற்கும். நாளைக்கே ஒரு கரும்பு விவசாயி அவள் முன்னால் கைகட்டி நின்று, தன் தப்பு என்ன என்று கேட்பார். முதல் கட்டத்தில் "ஐடிலிங் இல்லை" என்று எழுதினாள். இரண்டாவதைத் தாண்டி மூன்றாவதில் "வெந்நீரில் கழுவியது" என்று எழுதினாள். நாலாவதைத் தொடவில்லை. திரும்ப இரண்டாவதற்கு வந்தாள். பேனா அங்கே கொஞ்சநேரம் காற்றிலேயே நின்றது. பிறகு ஒரே ஒரு சொல்லை எழுதினாள்.

பிரவீன்குமார் எட்டிப் பார்த்தான். "மேடம், கையெழுத்து கடைசிக் கட்டத்துல போடணும். இது காரணம் எழுதுற எடம்."

"தெரியுதுப்பா," என்றாள் எஸ்தர். பால்பாயின்ட் மைதான், காய்வதற்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் குனிந்து, தன் பெயரின் நாலு எழுத்துகளின்மேலும் மெல்ல ஊதினாள்.